பதினான்காம் கல்

அயர்லாந்தில் நான் கால் வைத்தது கிடையாது. ஆனாலும் அதன் மேற்குக் கரைக்கு அப்பால், சாதாரண வரைபடத்தில் ஒரு புள்ளியாகக்கூட விழாத ஒரு தீவில் எத்தனை வீட்டு அத்திவாரங்கள் இருக்கின்றன, எந்த வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் இருந்தது, எந்தக் கிணறு உவர், எந்த மதில் முதலில் கட்டியது, எது பிறகு வந்து ஒட்டியது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். டொச், அதாவது ஜேர்மன் மொழியை வாளியும் துடைப்பமும் பிடித்த கையோடு படித்தேன். இன்றைக்கு ஜேர்மனியின் ஹம் நகரத்தில் பதினாறு பேர் என் துப்புரவு நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். அந்தத் தீவின் பெரிய வரைபடம் முழுக்க என் கையால் கீறியது. அதைப் பார்த்த படித்த மனிதர் ஒருவர், கீறியவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டாராம். பதில் சொல்லவேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேன். யோசிக்கட்டும்.

பெருமைக்குத்தான் இதை எழுதுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பெருமை இல்லாத ஒன்றும் நடுவில் இருக்கிறது. அந்தத் தீவிலிருந்து வந்த இருபத்துமூன்று கற்களைப் பற்றியது அது. அவற்றில் ஒன்றை ஒரு வயதான பெண்ணிடம் சரியாகக் கொடுக்கவேண்டிய பொறுப்பு என் கையில் இருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவருடைய வீட்டை எங்கள் நிறுவனம் துப்புரவு செய்தது. மனிதர் தனி ஆள். அவரை நான் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை ஹெர் ஷெஃப் என்பார், முதலாளி ஐயா என்று கேலி. இளவயதில் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் அந்தத் தீவுக்குப் போய்க் கூடாரம் அடித்து, நாடா பிடித்து அளந்து, அளந்ததையெல்லாம் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். அங்கே அப்போதே ஆட்கள் இல்லை. எல்லாரும் கரைக்குக் குடிபெயர்ந்து, கூரை விழுந்த வீடுகளும் ஆடுகளும்தான் மிச்சம். வயது போனபின் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஒரு புத்தகமாக்கலாம் என்று இருந்தவருக்குக் கண் போகத் தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை வேலையாள் சுகமில்லையென்று நானே அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். மாஸ்டர் ஒரு கொப்பியை மூக்கில் முட்டப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் பேசியது டொச்சில்தான், என் வாய்க்கு வருகிறபடி எழுதுகிறேன்.

"ஹெர் ஷெஃப், இது மூண்டோ, எட்டோ?"

"எட்டு."

"நிச்சயமோ?"

"மாஸ்டர், முப்பது வருசமாக் கறையைத் தேடிப் பிடிச்சுச் சீவிச்சவன் நான். எட்டு."

அன்றைக்கு இரண்டு பக்கம் வாசித்துக் கொடுத்தேன். அடுத்த சனிக்கிழமை நான்கு பக்கம். பிறகு அவர் வாசிக்கச் சொல்வதற்கு முன்பே நான் கொப்பியை எடுத்துவைத்துக்கொள்ளத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் பெரிய தாளை விரித்து, அவர் சொல்லச்சொல்ல நான் கீறினேன். ஒரு வருடத்தில் எனக்கு அவர் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

நான் கண்டுபிடித்த ஒன்றையும் எழுதவேண்டும். தீவின் நடுவில் ஓடும் நீளமான கல் மதிலில் ஏழு இடத்தில் 'இடிந்தது' என்று மாஸ்டர் குறித்திருந்தார். நான் அளவுகளைப் பார்த்தேன். ஏழும் ஏறக்குறைய ஒரே அகலம். அவர் கீறியிருந்த படத்தில் கற்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் குவிந்து கிடந்தன.

"இது இடியேல்லை, மாஸ்டர். இடிஞ்சால் கல்லு ரெண்டு பக்கமும் சிதறும். இது இறக்கி வைச்ச கல்லு. படலை போட மரம் இல்லாத சனம். மாடு போகக் கல்லை இறக்கிறது, போன பிறகு திரும்ப அடுக்கிறது. நான் பிறந்த தீவிலையும் இப்பிடித்தான்."

அவர் தாளில் அந்த ஏழு இடத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "அப்ப கடைசியாப் போன ஆக்கள் அடுக்கேல்லை," என்றார். "ஏழையும் திறந்து விட்டிட்டுப் போயிருக்கினம்." நாற்பது வருடமாக அவர் பிழையாக வைத்திருந்த ஒன்றை நான் ஒரே நாளில் திருத்தினேன். யாரும் அதை இல்லையென்று சொல்ல முடியாது.

மாதா கோவிலில் ஞாயிறுப் பூசை முடிந்து வெளியே தேத்தண்ணீரோடு நிற்கும்போது இதைச் சொன்னால் பொடியன்கள் விடமாட்டார்கள். "அண்ணை, ஐரிஷ்காரன்ரை மதில் நிண்டா என்ன விழுந்தா என்ன, உங்கடை வேலிப் பிரச்சினை தீர்ந்துதோ?" என்பார்கள். பக்கத்து வீட்டு ஜேர்மன்காரனோடு எனக்கு ஒரு வேலிப் பிரச்சினை இருந்தது உண்மைதான். இப்போதும் இருக்கிறது.

எட்டாவது கொப்பியில்தான் பிள்ளைகளின் இடம் வந்தது.

தீவின் வடக்குப் பக்கத்தில், பழைய சிறு கோவிலொன்றின் இடிபாட்டுக்குப் பின்னால், ஒரு துண்டு நிலம். ஞானஸ்நானம் பெறமுன் இறந்த குழந்தைகளை அந்தக் காலத்தில் கோவில் சவக்காலையில் புதைக்க விடமாட்டார்கள். தகப்பனோ சிற்றப்பனோ ஒரு பெட்டியில் கொண்டுபோய் இங்கே புதைத்துவிட்டு வருவார்கள். குருவானவர் இல்லை, செபம் இல்லை, பெயரும் இல்லை. கடற்கரையில் பொறுக்கிய ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை மேலே வைப்பார்கள். அவ்வளவுதான் அடையாளம்.

நான் வாசித்துக்கொண்டு போனேன். குரல் மாறவில்லை. அடுத்த பக்கத்தில், அந்தக் கற்களில் இருபத்துமூன்றைத் தான் எடுத்துவந்ததாக மாஸ்டர் எழுதியிருந்தார். எந்தக் கடற்கரையின் கல் என்று இங்கே ஒருவரிடம் காட்டிவிட்டு அடுத்த கோடையில் திரும்பக் கொண்டுபோய் வைக்கிற எண்ணம். ஒவ்வொரு கல்லும் எங்கே இருந்தது என்று வரைபடத்தில் இலக்கமிட்டிருந்தார். அடுத்த கோடையில் கடல் கொந்தளிப்பு, வள்ளம் விடவில்லை. அதற்கடுத்த கோடையில் அவர் தாய் வருத்தமாய்ப் படுத்துவிட்டார்.

"அதுக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பிறகு வெக்கம்," என்றார். "பெட்டி நிலவறையிலை இருக்கு."

அந்தக் கிழமையே அவர் சொல்ல, நான் தட்டச்சு செய்து, அந்தத் தீவுக்கு எதிரே கரையிலுள்ள ஊருக்கு ஒரு கடிதம் போனது. வரைபடத்தின் பிரதியும் வைத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்ணிடமிருந்து பதில். எண்பது வயதை நெருங்குகிறவர். தீவில் பிறந்தவர். அவருடைய தம்பி அந்தப் பிள்ளைகளோடு அங்கே இருக்கிறான். தாய் சாகிற நேரத்தில்தான் இடத்தைச் சொன்னாளாம்: கடல் பக்கம், மற்றதுகளை விட்டு விலகி, தனியாக. எங்கள் வரைபடத்தில் அப்படித் தனியாக இருந்தது ஒன்றுதான், பதினான்காம் இலக்கம். மற்றக் கற்களைத் தபாலில் அனுப்புங்கள், பதினான்கை எடுக்க நானே வருகிறேன் என்று எழுதியிருந்தார்.

மாஸ்டர் அந்தக் கடிதத்தை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார்.

அந்தப் பெண் வருவதற்குள் மாஸ்டரின் கண்பார்வை முற்றாகப் போய்விட்டது. படியில் விழுந்து இடுப்பும் போனது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இடம் கிடைத்தது, வீடு விற்பனைக்கு வந்தது. வீட்டைக் காலிசெய்ததும் என் ஆட்கள்தான். கொப்பிகளும் கற்பெட்டியும் என் வீட்டுக்கு வந்தன. பெட்டியை அதுவரை நான் திறந்து பார்த்ததில்லை. 'கற்கள் 23, வரைபடப்படி இலக்கமிடப்பட்டவை' என்று கொப்பியில் இருந்தது. இலக்கம் ஏதோ கடதாசித் துண்டில் எழுதி உள்ளே போட்டிருப்பார் என்று நினைத்தேன்.

பெட்டி குசினியில் இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் மனைவி கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, இது என்ன பெட்டி? மணக்குது."

"தீவுக் கல்லு. அந்த மனிசி வந்து எடுக்கும்."

"என்ன கல்லு?"

சொன்னேன். அவள் மன்னாரில் பிறந்தவள், மடத்துச் சகோதரிகளிடம் படித்தவள், வேதத்தில் எனக்கு மேலே. சொல்லி முடிய, ஈரக் கையைத் துடைக்காமல் கதிரையில் இருந்தாள்.

நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில், அகதிகள் விடுதியில் இருந்தபோது, எங்கள் முதல் பிள்ளை ஆஸ்பத்திரியில் உயிரில்லாமல் பிறந்தது. பெண் பிள்ளை. தாதி துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். என்னிடம் ஒரு படிவம் தந்தார்கள், வாசிக்கத் தெரியாது, கையெழுத்து வைத்தேன். எங்கே புதைத்தார்கள் என்று கேட்க டொச் தெரியாது. டொச் தெரிந்த பிறகு கேட்கவில்லை. பிறகு இரண்டு பிள்ளைகள் பிறந்து, வளர்ந்து, படித்து, இருவரும் இப்போது நல்ல வேலையில் இருக்கிறார்கள். இதைப் பற்றி எழுத இவ்வளவுதான் இருக்கிறது.

மனைவி எழும்பிப் போய், பேரப்பிள்ளை வந்தால் குளிப்பாட்டுகிற பிளாஸ்ரிக் தொட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தண்ணீர் விட்டு, முழங்கையை வைத்துச் சூடு பார்த்தாள்.

"என்ன செய்யப் போறீர்?"

"குளிப்பாட்டப் போறன்."

"செத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் இல்லையெண்டு உமக்குத் தெரியாதோ? அதுவும் இது கல்லு."

"ஆர் ஞானஸ்நானம் எண்டது? பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டிறதுக்கு ஆரிட்டை அனுமதி கேக்கவேணும்?"

நான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே கடதாசித் துண்டு ஏதும் இல்லை, கொப்பியில் எங்கேயோ இருக்கும் என்று விட்டேன். எல்லாம் முட்டையளவும் அதற்கு மேலுமான வெள்ளைக் கற்கள், நிலவறை ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துப் போயிருந்தன. இப்படியே தொட்டியில் போட்டால் தண்ணீர்தான் ஊத்தையாகும், கல் அப்படியே இருக்கும். என் தொழில் எனக்குத் தெரியும். "இஞ்சை விடும், முதல் நான் துப்புரவாக்கித் தாறன்," என்றேன்.

ஒவ்வொரு கல்லின் அடியிலும் விரல்நகம் அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது, அதன்மேல் கறுப்பாய் ஒரு கறை. நிலவறைக்கு வெள்ளை அடித்தபோது தெறித்திருக்கும் என்று நினைத்தேன். புதுக் கட்டடம் எழும்பி முடிய, ஓட்டிலும் கண்ணாடியிலும் தெறித்த பெயிண்டை எடுப்பதில் இந்த வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அதில்தான் என் நிறுவனமே வளர்ந்தது. வாகனத்திலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்துவந்தேன். தகட்டைச் சரித்துப் பிடித்தால் ஒரு இழுப்பு, பெயிண்ட் தோலாகக் கழன்று வரும். கல்லில் ஒரு கீறல் விழாது. இருபத்துமூன்றையும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடித்தேன். நான் தர, அவள் ஒவ்வொன்றாகத் தொட்டியில் வைத்து, கையால் தண்ணீர் அள்ளி விட்டு, துவாயில் ஒற்றி வரிசையாக வைத்தாள்.  கற்கள் கண்ணைக் குத்துகிற வெள்ளையில் இருந்தன. நான் கைபேசியில் ஒரு படமும் எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். மாஸ்டர் ஜன்னலோரம் இருந்தார், ஜன்னல் அவருக்கு இனி என்னத்துக்கு என்று தெரியவில்லை. கோப்பி வந்தது.

"ஹெர் ஷெஃப், பதினாலைத் தனியா எடுத்து வையுங்கோ. அவ வந்த பிறகு தேடிக்கொண்டு நிக்க ஏலாது. அடியிலை பாருங்கோ, வெள்ளைப் பெயிண்ட் வைச்சு அதுக்கு மேலை மையாலை இலக்கம் போட்டிருக்கிறன். மை கொஞ்சம் பரவியிருக்கும், ஆனா பூதக்கண்ணாடியிலை தெரியும்."

"ஓம், மாஸ்டர்," என்றேன்.

கோப்பியைக் குடித்து முடித்தேன். பிஸ்கட் ஒன்றையும் சாப்பிட்டேன். அவர் காலநிலையைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். கீழே வந்து வாகனத்துக்குள் இருந்தேன். எதிரே ஒரு மனிதர் இலை கூட்டிக்கொண்டிருந்தார், பிழையான தும்புத்தடியால். அது மட்டும்தான் மனதில் பட்டது.

வீட்டுக்கு வந்து மனைவிக்குச் சொன்னேன். அவள் தொட்டி வைத்திருந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவருக்குச் சொன்னனீங்களோ?"

"இல்லை."

"நாளைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

"குருடனுக்குச் சொல்லி என்ன? இலக்கம் திரும்பி வருமோ?"

"நீங்கள் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன்."

"உமக்கு டொச் சரியா வராது."

"இதைச் சொல்ல வாறளவுக்கு வரும்."

அடுத்த நாள் ஞாயிறு. பூசைக்குப் போகாமல் நேரே மாஸ்டரிடம் போனேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"எல்லாத்தையுமோ?" என்று கேட்டார்.

"எல்லாத்தையும்."

"ஒண்டிலும் ஒரு அடையாளமும் மிஞ்சேல்லையோ?"

"என்ரை வேலையிலை மிஞ்சாது, மாஸ்டர்."

அவர் மூக்கால் ஒரு சத்தம் விட்டார், சிரிப்போ என்னவோ. "உங்களை ஆர் கழுவச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அந்தக் கல்லுகளை எடுக்கச் சொல்லி எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை," என்றார். கொஞ்ச நேரம் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "எட்டாம் கொப்பியிலை கடைசியிலை கல்லுகளின்ரை அளவு இருக்கு. நீளம், அகலம், குறிப்பு. அளந்து பாருங்கோ."

வேலையை என் மேற்பார்வையாளரிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று நாள் வீட்டில் இருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒரு வெள்ளைத் தாள். கல்லை இரண்டு தாடையால் கவ்வி மில்லிமீட்டர் காட்டும் அளவுகோல் ஒன்று என் வாகனத்தில் இருந்தது, ஆனால் அது எனக்கு அதிகம் உதவவில்லை. மாஸ்டர் அன்றைக்கு நாடாவால், அரைச் சென்ரிமீட்டர் கணக்கில்தான் அளந்திருந்தார். இலக்கம் கல்லிலேயே இருக்கும்போது நுணுக்கம் எதற்கு என்று விட்டிருப்பார். ஒரே அளவில் நான்கு கல், ஐந்து கல் என்று வந்தன. குறிப்புகள்தான் கைகொடுத்தன. 'மஞ்சள் கோடு', 'ஒரு முனை உடைந்தது', 'கருந்திட்டு, பட்டாணி அளவு', 'ஊசித் துளை'. ஒரு கல்லை வெளிச்சத்தில் பிடித்து மஞ்சள் கோட்டைத் தேடுகிற வேலை இருக்கிறதே, அதை எந்தப் பேராசிரியரும் என்னைப்போல் செய்திருக்கமாட்டார். கறை தேடிப் பழகிய கண். முதல் நாள் பதின்மூன்று கல் தங்கள் இலக்கத்துக்குப் போயின. இரண்டாம் நாள் இன்னும் ஆறு. மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு.

மிஞ்சியது இரண்டு கல். மிஞ்சிய இலக்கங்கள் ஒன்பதும் பதினான்கும்.

இரண்டுக்கும் நீளம் ஏழு, அகலம் ஐந்து என்று எழுதியிருந்தது. குறிப்புப் பகுதியில் இரண்டுக்கும் ஒரு சின்னக் கோடு. சொல்ல ஒன்றும் இல்லையென்று அர்த்தம். மனைவி குசினித் தராசைக் கொண்டுவந்தாள். ஒன்று மற்றதைவிடப் பதினொரு கிராம் அதிகம். கொப்பியில் நிறை எழுதவில்லை. ஒன்பதாம் குழி மேற்கு மதிலோரம், பதினான்காம் குழி மறுபக்கம் கடலோரம். ஒன்பதாவது யாருடைய பிள்ளையென்று ஒருவருக்கும் தெரியாது.

நான் மாஸ்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "இருபத்தொண்டு நல்ல வேலை," என்றார்.   தொலைபேசியை எப்போது வைத்தோம் என்று ஞாபகமில்லை.

அந்தப் பெண் ஒரு வியாழக்கிழமை டோர்ட்முண்ட் விமான நிலையத்திலிருந்து ரயிலில் ஹம்முக்கு வந்தார். உயரமான, மெலிந்த மனிசி. மழைச் சட்டை, முதுகுப்பை. வரவேற்கப் போன எனக்கு ஆங்கிலம் காணாது, அவருக்கு டொச் தெரியாது. மனைவி கற்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்தாள். அவள் செய்துகொண்டு வந்த ரோல்ஸில் இரண்டை அந்தப் பெண் வாகனத்துக்குள்ளேயே சாப்பிட்டார். மூன்றாவதைக் கேட்டு வாங்கி மழைச் சட்டைப் பைக்குள் வைத்தார். எனக்கு அது நல்லதாகப் பட்டது.

மாஸ்டரின் அறையில் நான் இரண்டு கற்களையும் மேசையில் வைத்தேன். மாஸ்டர் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னார், தான் எடுத்ததிலிருந்து நான் சுரண்டியது வரை. என் பக்கம் கையைக் காட்டியபோது நான் நிமிர்ந்து நின்றேன். அந்தப் பெண் குறுக்கே பேசவில்லை. முடிந்தபிறகு ஒன்று கேட்டார்.

"ஏன் கழுவினது எண்டு கேக்கிறா," என்றார் மாஸ்டர்.

என்னிடம் நீளமான பதில் ஒன்று இருந்தது, தொழிலைப் பற்றியும் பூஞ்சணத்தைப் பற்றியும். அது வரவில்லை. "பிறந்து குளிக்காத பிள்ளையள் எண்டு என்ரை மனிசி குளிப்பாட்டினவ," என்றேன். "பெயிண்டை எடுத்தது நான். அவவிலை பிழையில்லை."

இந்தச் சின்னப் பதிலை மொழிபெயர்க்க மாஸ்டருக்குக் கன நேரம் எடுத்தது. அந்தப் பெண் மனைவியைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு, மேசையைப் பார்த்தபடி கதைத்தார். மாஸ்டர் அதைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார். தனக்கு அப்போது ஐந்து வயது. அப்பா ஒரு பெட்டியோடு வெளியே போனார், திரும்பி வரும்போது பெட்டி இல்லை. அது தன்னுடைய பொம்மை வைத்திருந்த பெட்டி, பொம்மை எங்கே என்று அழுதாராம். அப்பா அடித்தார். அதற்கு முன்பும் பின்பும் அடித்ததில்லை.

அந்தப் பெண் ஒரு கையில் ஒரு கல், மறுகையில் மற்றது என்று எடுத்துப் பார்த்தார். எது என்று மாஸ்டரிடம் கேட்டார். மாஸ்டர் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினார். என்னிடம் திரும்பினார். கேள்வி எனக்கு ஆங்கிலத்திலேயே விளங்கியது.

"தெரியாது," என்று டொச்சில் சொன்னேன். முப்பது வருடத்தில் ஒரு வாடிக்கையாளருக்கும் நான் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

அவர் இரண்டையும் திரும்ப வைத்தார். மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாழ்வாரத்தில் சாப்பாட்டு வண்டி உருண்டு போனது. சூப் மணம் வந்தது. மாஸ்டரின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன், அதில் ஒரு துளி சேறு.

மனைவி எழும்பினாள். மேசைக்குப் போய், இரண்டையும் ஆராயாமல், ஒன்றை எடுத்தாள். அந்தப் பெண்ணின் கையை விரித்து, கல்லை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"இந்தாங்கோ அக்கா," என்றாள் தமிழில். "கொண்டு போங்கோ."

அந்தப் பெண் மூடிய கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு இருந்தார்.   கொஞ்ச நேரத்தால் கழிவறை எங்கே என்று கேட்டார், கல்லோடேயே போனார், கல்லோடேயே வந்தார். பிறகு அதை மழைச் சட்டையின் உள்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தார்.

அவரை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன்.

"அதுதான் எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது."

"பின்னை ஏன் எடுத்துக் குடுத்தனீர்?"

"அந்த மனிசி எவ்வளவு நேரம் ரெண்டையும் பாத்துக்கொண்டிருக்கிறது?" மனைவி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்களுக்கு ஒருத்தரும் ஒண்டும் எடுத்துத் தரேல்லை."

நான் வாகனத்தை ஓட்டினேன்.

அடுத்த கிழமை இருபத்திரண்டு கற்களையும் தாளில் சுற்றி, ஒவ்வொன்றிலும் இலக்கம் எழுதி, வரைபடத்தோடு தபாலில் அனுப்பினேன். மிஞ்சிய கல்லுக்கு ஒன்பது என்று எழுதினேன், வேறு இலக்கம் இல்லை. சனிக்கிழமை எட்டாம் கொப்பியை எடுத்துக்கொண்டு மாஸ்டரிடம் போனேன். எதுவும் கைமாறினால் கொப்பியில் எழுதவேண்டும் என்பது அவர் ஒழுங்கு.

"எழுதுங்கோ," என்றார். "பதினாலாம் கல், குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது."

நான் எழுதினேன். என் எழுத்து பெரிய எழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளையின் எழுத்துப்போல இருக்கும், ஆனால் யாருக்கும் விளங்கும்.

"எழுதியாச்சோ?"

"ஓம்."

"வாசியுங்கோ."

நான் எழுதியிருந்ததை வாசித்தேன். "ஒன்பதாம் கல் அல்லது பதினான்காம் கல், குடும்பத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எது என்று தெரியாது. இலக்கங்களை ஹம்மில் வைத்து நான் சுரண்டி எடுத்தேன்."

மாஸ்டர் தலையைக் கதிரையில் சாய்த்தார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து நான் கொப்பியை மூடப்போனேன்.

"திகதியையும் போடுங்கோ," என்றார்.

போட்டேன்.